திறப்பைக் கொடுத்தவனும் திருத்துபவனும்

மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு விலகி, கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் ஏ-34 வீதியின் நடுப்பகுதியில் ஒட்டுசுட்டான் சந்தி உள்ளது. தெற்கேயிருந்து நெடுங்கேணி வீதி அங்கு வந்து சேர்கின்றது. வடக்கே புதுக்குடியிருப்புக்கு ஒரு வீதி பிரிகின்றது. குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் சிவலிங்கம் தானாகத் தோன்றியதால் ஊருக்கு இப்பெயர் வந்ததென்பது ஊர் ஐதீகம். தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதையும் அதுவே. அருகிலுள்ள கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கப்டன் வொன் ட்ரிபேர்க் நாட்டிய கல் இருந்தது. இவையெல்லாம் பலரும் எழுதிய விடயங்கள். நான் எழுத வந்தது வேறொன்று.

இந்தச் சந்தியைச் சுற்றி எத்திசையில் சென்றாலும் காடும் குளமும் வயலுமே. அங்கு ஒரு வாகனம் நின்றுபோனால் அருகிலுள்ள திருத்துநரிடந்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் நல்லவரா, கை சுத்தமானவரா என்று விசாரித்துத் தெரிவு செய்யும் வசதி பயணிக்கு இல்லை. திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு வாகனத்தில் ஏறிப் போக வேண்டியதுதான். நகரத்தில் இருப்பவருக்கு மட்டும் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், அதுவும் பெரிதாக இல்லை. பழுதான வாகனத்தின் சொந்தக்காரன் எங்கும் கையறு நிலையில் நிற்பவனே. இயந்திரத்தின் மூடியைத் திறந்து திருத்துநர் காட்டும் பாகம் உண்மையில் பழுதானதா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் வீடு திரும்பிய பின் வாகனம் எங்கே நின்றது, எங்கே ஓடியது என்பதும் தெரியாது.

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் என்னிடம் ஒரு பழைய டட்சன் கார் இருந்தது. தடுப்பு வேலை செய்யவில்லையென்று ஒரு கராஜில் விட்டேன். மூன்று நாளில் தருவதாகச் சொன்னவர்கள் ஐந்தாம் நாள் தந்தார்கள். தடுப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தூரம்காட்டியில் 118 கிலோமீற்றர் கூடியிருந்தது. பின்னாசனத்தைத் தூக்கிப் பார்த்தபோது காய்ந்த ரோசா இதழ்கள் கிடந்தன. பன்னீர் வாசனை அப்போதும் போகவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளை என் காரில் ஊர்வலம் போயிருக்கிறார். உரிமையாளரிடம் கேட்டேன். "தடுப்புத் திருத்தினால் ஓடிச் சோதிச்சுத்தானே பாக்க வேணும், ஐயா" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சோதனைக்கு மணமகளும் வந்தாவா என்று கேட்க நா துடித்தது. கேட்கவில்லை. அடுத்த முறை பழுதானாலும் அவரிடந்தான் போக வேண்டும் என்ற எண்ணம் வாயை அடைத்துவிட்டது. பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்ட நான் அன்று ஒரு திருத்துநரிடம் வாயடைத்து நின்றதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கின்றது. ஆனால் வாகனம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வெட்கத்தை அறிந்தவர்களே.

இனி வன்னிக்கு வருவோம். 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் ஏ-9 பாதை மூடப்பட்டது. வடக்கே கொண்டுசெல்லத் தடை செய்யப்பட்ட பொருட்களில் எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகம் ஆகிய மூன்றும் இருந்தன. வாகனம் ஒன்றை உயிரோடு வைத்திருக்கத் தேவையான மூன்றும் அவைதான். அந்த நாட்களில் வடபகுதியில் ஓடியவை பெரும்பாலும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயையும் ஓரளவு தாங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இடையில் நின்றுவிட்டால் மீண்டும் துளிப் பெற்றோல் வேண்டும். புகை வீதியை மறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த எண்ணெயும் தட்டுப்பாடுதான்.

இதை எம்மவரின் தனிக் கண்டுபிடிப்பாகச் சொல்வோர் உண்டு. தத்துவம் பழையது. பிரித்தானியாவில் பெற்றோலில் இயக்கி மலிவான ஆவியெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரங்கள் விற்பனையாயின. 1949இல் வந்த பேர்கசன் ரிஈடி-20 அவ்வகையினது. ஆனால் அங்கு தொழிற்சாலை அதற்கென்றே இயந்திரத்தை வடிவமைத்தது. இங்கு திருத்துநர் வெறுங்கையோடு, பெற்றோலுக்கென்று செய்த இயந்திரத்தை மாற்றினார். ஒரு திருகாணியும் வாங்க முடியாத இடத்தில் அதைச் செய்தார் என்பதே அவரது பெருமை.

அந்தப் பெருமையோடு ஓர் அதிகாரமும் அவரிடம் வந்து சேர்ந்தது. உதிரிப்பாகம் வெளியிலிருந்து வராத ஊரில், திருத்துமிடத்தில் நிற்கும் ஒவ்வொரு வாகனமும் உதிரிப்பாகக் களஞ்சியமாகிவிடுகின்றது. ஒருவரின் காரில் நல்ல காபரேற்றர் இருக்கின்றது. இன்னொருவரின் கார் காபரேற்றர் இல்லாமல் மாதக் கணக்கில் நிற்கின்றது. இரண்டும் ஒரே கொட்டிலுக்குள். நடுவில் நிற்பவர் திருத்துநர் மட்டும். மாற்றிப் பூட்டினால் யாருக்குத் தெரியும்? "குடுக்கேக்க இருந்த சாமான் இல்லை" என்ற முணுமுணுப்பு அக்காலத்தில் எழாமல் இருக்கவில்லை. வாகனத்தை விட்டவர் கொட்டிலின் வாசலிலேயே வாங்குப் போட்டு நாள் முழுதும் காவல் இருந்த கதைகளும் உண்டு. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வண்டியை மட்டும் விட்டவர்களும் உண்டு.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எரிபொருளும் வாகனமும் அரிதான ஊரில் இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், பாம்பு கடித்தால், முதலில் தட்டப்படும் கதவுகளில் திருத்துநரின் கதவும் ஒன்று. ஓடக்கூடிய வாகனம் அவரது கொட்டிலில் நிற்கும் என்பது ஊருக்குத் தெரியும். அது அவருடையதல்ல என்பதும் தெரியும். இருந்தும் தட்டுவார்கள். அவர் திறப்பை எடுத்தால் அது துரோகமா? எடுக்காமல் விட்டால் அது நேர்மையா? விடிந்ததும் உரிமையாளரிடம் போய், "இரவு உங்கட காரை எடுத்தனான், இன்னாருக்காக எடுத்தனான்" என்று சொல்பவரையும், சொல்லாமல் மறைப்பவரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வாகனம் ஓடியது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடு, சொன்னதிலும் மறைத்ததிலும் இருக்கின்றது.

இந்த வேறுபாட்டை உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாக யோசித்து வந்திருக்கின்றது. உரோமரிடம் கார் இல்லை, ஆனால் குதிரை இருந்தது. அரிக்கியா என்ற ஊர்வரை செல்வதற்கென ஒருவன் குதிரை இரவல் வாங்கினான். ஊரைத் தாண்டி அப்பாலுள்ள மேடுவரை ஓட்டினான். குதிரையைத் திருப்பிக் கொடுத்தும், திருட்டுக்கு அவன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டான். முதலாம் நூற்றாண்டில் எழுதிய வலேரியஸ் மக்சிமஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதைவிட எமக்கு நெருக்கமான உதாரணம் பவுலஸ் என்ற சட்ட அறிஞருடையது. வெளுக்கவோ தைக்கவோ கொடுத்த உடையை வெளுப்பவரோ தையற்காரரோ தாமே பயன்படுத்தினால் அது திருட்டு, ஏனெனில் உடை அதற்காக அவர்களிடம் கொடுக்கப்படவில்லை என்கிறார். 533ஆம் ஆண்டில் யஸ்ரினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது. உடை என்ற இடத்தில் கார் என்று போட்டுப் படியுங்கள். ரோசா இதழ்கள் கிடந்த என் டட்சன் நினைவுக்கு வரும்.

இந்த உரோமச் சட்டம் எமக்கு அந்நியமானதல்ல. ஒல்லாந்தர் தம்முடன் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தைப் பிரித்தானியர் 1799இல் பிரகடனம் செய்து தொடர்ந்து வைத்துக்கொண்டனர். இன்றும் அது இலங்கையின் பொதுச் சட்டத்திற்கு அடிப்படை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ ஆங்கிலேய வழியில் வந்தது. அதன் 388ஆம் பிரிவு குற்றவியல் நம்பிக்கை மோசடியை வரையறுக்கின்றது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தனதாக்கிக்கொள்வது மட்டுமன்றி, ஒப்பந்தத்துக்கு மாறாக நேர்மையீனமாக அதைப் பயன்படுத்துவதும் அந்த வரையறைக்குள் வருகின்றது. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. திருத்துவதற்கென்று திறப்பைக் கொடுத்தாலே, திருத்துவதற்கு மட்டுந்தான் என்ற உடன்பாடு அதற்குள் அடங்கிவிடுகின்றது.

மோட்டார் வாகனம் வந்தபின் சட்டம் தடுமாறியதும் உண்டு. எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பி நிறுத்துபவன் திருடன்தானா என்ற கேள்வி எழுந்தது. பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் உரிமையாளரின் சம்மதமின்றி வாகனத்தை எடுத்து ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. எம்மைப் போலவே உரோம-டச்சுச் சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், தற்காலிகப் பாவனை திருட்டாகாது என்று 1955இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடமே அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 197ஆம் பிரிவும் இதைப் பற்றியதே. பெயர் எதுவானாலும், பிறர் வாகனத்தைச் சொல்லாமல் ஓட்டுவதை எந்த நாடும் சிறு பிழையென்று விட்டுவிடவில்லை.

திருத்துநருக்கும் சட்டம் ஓர் உரிமை தந்திருக்கின்றது. கூலி தராதவரின் வாகனத்தை அவர் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் பிடித்து வைத்திருப்பது வேறு, ஓடித் திரிவது வேறு. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். அதேபோல் கூலியை மாதக் கணக்கில் இழுத்தடிக்கும் வாகனக்காரர்களும் தம்மைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே எண்ணிக்கொள்கின்றனர்.

மீண்டும் ஒட்டுசுட்டானுக்கு வருகின்றேன். 1998 டிசெம்பர் 4ஆம் திகதி 'ரிவிபல' நடவடிக்கையில் இலங்கை இராணுவம் ஒட்டுசுட்டானைக் கைப்பற்றியது. 1999 நவம்பர் 2ஆம் திகதி விடுதலைப் புலிகளின் 'ஓயாத அலைகள்-3' அங்குதான் தொடங்கியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 திறந்தது. உதிரிப்பாகமும் பெற்றோலும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 4ஆம் திகதி இராணுவம் மறுபடியும் ஒட்டுசுட்டானுக்குள் வந்தது. பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு சந்தி மூன்று முறை கைமாறியது.

ஒவ்வொரு முறையும் சனங்கள் இடம்பெயர்ந்தபோது திருத்துமிடங்களில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கொட்டிலுக்குள் இயந்திரம் பாதி கழற்றப்பட்ட உழவு இயந்திரம். சில்லில்லாமல் மரக்குற்றியில் நிற்கும் மோட்டார் சைக்கிள். சொந்தக்காரன் ஒரு பக்கம் ஓட, திருத்துநர் மறுபக்கம் ஓடுகிறார். தன் பிள்ளைகளையும் ஆயுதப் பெட்டியையும் ஏற்றுவாரா, பிறருடைய கழற்றிய பாகங்களையும் ஏற்றுவாரா? ஓடக்கூடிய வாகனம் ஒன்று நின்றால் அதிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவாரா? போனபின் அதைச் சொந்தக்காரனிடம் சேர்ப்பாரா?

இந்த இடத்திற்கும் உரோமர் ஒரு விதி வைத்திருந்தனர் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். சாதாரண நேரத்தில் ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர மறுப்பவன் அதன் பெறுமதியைக் கொடுத்தால் போதும். ஆனால் கலவரம், தீ, கட்டடம் இடிதல், கப்பல் உடைதல் ஆகிய நேரங்களில் ஒப்படைத்த பொருளை மறுப்பவன் இருமடங்கு கொடுக்க வேண்டும். காரணம் எளியது. மற்ற நேரத்தில் ஒருவன் ஆளைத் தெரிந்து நம்புகிறான். தெரிவு பிழைத்தால் அதில் அவன் பங்கும் உண்டு. ஆபத்து நேரத்திலோ அவன் எதிரில் நிற்பவரை நம்பியாக வேண்டும். வேறு வழியில்லாமல் நம்பியவனை ஏமாற்றுவது இரட்டைக் குற்றம்.

அதே சட்டமரபு, பொருளைக் காத்து நின்றவனையும் மறக்கவில்லை. எதிர்க்க முடியாத பலத்தால் பொருள் அழிந்தால் அவன்மேல் பழியில்லை. போர் முடிந்து பல காலம் சென்ற பின்னும் முள்ளிவாய்க்கால் பகுதியில் கருகிய பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் குவிந்து கிடந்ததை அங்கு சென்றவர்கள் கண்டிருக்கிறார்கள். அவற்றில் எது எவருடையது, எது எவர் கையில் இருந்து போனது என்று இனி யாரிடம் கேட்பது? உயிரைக் கேட்க முடியாத இடத்தில் வண்டியைக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

வன்னி மண்ணுக்கு இவ்விடயத்தில் உரோமர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் திரளும் சனங்கள் அந்தக் கதையை அறிந்தவர்கள். கோவலன் சிலம்பைக் கையில் கொடுத்தது ஒரு தொழிலாளியை நம்பி. விலை மதிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே என்று நம்பினான். அவன் சொன்ன பொய் ஓர் உயிரைக் கொன்றது, ஒரு நகரை எரித்தது. அதே கதையில் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியும் இருக்கிறாள். அடைக்கலமாகத் தன்னிடம் தரப்பட்டவர்களைக் காக்க முடியவில்லை என்று அவள் தீப்புகுந்தாள். பிழை அவளுடையதல்ல. இருந்தும் பொறுப்பு தன்னுடையது என்று எண்ணினாள். தொழில் தெரிந்தவரிடம் பொருளைக் கொடுக்கும் எவரும் இந்த இருவரில் ஒருவரிடந்தான் கொடுக்கின்றோம். யார் என்பது பின்னர்தான் தெரிகின்றது.

இது முடிந்துபோன காலத்தின் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றவர்களுக்கு, தாங்கியில் இருந்த ஐந்து லீற்றர் பெற்றோலும் நகை போன்றதாயிற்று. முழு நாடும் சில மாதங்கள் வன்னியின் தொண்ணூறுகளைச் சிறிது சுவைத்தது எனலாம். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய காசில் வாங்கிய முச்சக்கர வண்டியும் வானும் இன்று பல குடும்பங்களின் அடுப்பை எரிக்கின்றன. அது ஒரு கிழமை திருத்துமிடத்தில் நின்றால் ஒரு கிழமை உழைப்பு இல்லை. அந்தக் கிழமையில் அது வேறொருவருக்காக ஓடினால், பறிபோவது ஓர் ஏழையின் கூலி.

எனவே வாகனத்தை விடும்போது தூரம்காட்டியின் எண்ணையும் எரிபொருளின் அளவையும் திருத்துநர் முன்னிலையிலேயே எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுப்பது இன்னும் சுலபம். மாற்றிய பாகத்தின் பழையதைக் கேட்டு வாங்குங்கள். சோதனை ஓட்டம் எவ்வளவு தூரம் என்று முன்னரே பேசுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இலங்கையில் இருக்கின்றது என்பதையும் மறவாதீர்கள். இது திருத்துநரைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையான திருத்துநருக்கும் இதுவே பாதுகாப்பு. நான் அன்று செய்யாதது இதைத்தான். எழுதியும் வைக்கவில்லை, கேட்கவும் இல்லை.

தொண்ணூறுகளில் வன்னியில் கார் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு சாமான் களவு போனது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பிளக் மாறினது, தம்பி. அதைப் பிறகு அவரே வந்து சொன்னார். மற்றவரின்ரை கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததாம்."

கொடுத்தாரா என்று கேட்டேன்.

"பாதை திறந்தவுடனை வவுனியாவிலை வாங்கிக் கொண்டந்து தந்தவர். நான் மறந்துபோனன். அவர் மறக்கேல்லை."